வெங்காயம் கொட்டிய அறை

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வீக்கம் வடிந்ததா? ஜெயிலில் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

ஒரு சின்ன விஷயம். சூப்பர்வைசரை அடித்து முடமாக்கிய வழக்கில் தண்டனை முடிகிறது. என்னோடு சேர்ந்து அடித்தவன் இந்த நாட்டில் பிறந்தவன், வீட்டுக்குப் போகிறான். நான் இடையில் குடியுரிமை வாங்கியவன் என்பதால் என்னுடையதை மட்டும் பறிக்கப் பார்க்கிறார்கள். இந்தியக் குடியுரிமையை அன்றே விட்டாயிற்று. இதுவும் போனால் எனக்கு எந்த நாடும் இல்லை.

“ஊரில் உன்னை யார் சேர்ப்பார்கள்?” என்று அதிகாரி சிரித்தார். “எங்கம்மா வூட்ல எனக்கு ரூம் இருக்கு” என்றேன்.

செட்டிகுளம் வீட்டில் அந்த அறையில் தம்பி அறிவரசன் வெங்காயம் கொட்டியிருப்பான். அள்ளச் சொல். என் பங்கு நிலத்தைத் தின்றவன் இதையாவது செய்யட்டும். ஒரு போர்வையும் துவைத்து வை.

“அவன் இங்க வரக் கூடாது” என்று தம்பி சொன்னால் மறைக்காமல் என் வக்கீலுக்குப் போன் செய். அடுத்த மாதக் குடியுரிமை விசாரணையில் அந்த ரூம் இருக்கிறது என்று பொய் சொல்ல நான் தயாராக வேண்டும்.

வார்டன் கூப்பிடுகிறார்.
முத்தமிழ்செல்வன்