பக்கம் மாறிய மூக்குத்தி

பலாப்பலகையைச் சீவும்போது எழும் வாசனை எனக்கு எப்போதும் உன் வாசனைதான். இன்று காலையும் அதுவே எழுந்தது. இந்த முறை பலகையில் வரவேண்டியது உன் முகம். உனக்கும் ஒரு போட்டோ இல்லை.

என் அம்மா இறந்தபோதும் இதே நிலைதான். ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்தில் துரை பங்களா நாய்க்குக்கூடப் போட்டோ இருந்தது. கொழுந்து பறித்தவளை யார் எடுத்து வைத்தார்கள்? இறந்த முப்பதாம் நாள் மாதப் பூசைக்கு வருகிறவர்கள் ஜெபப் புத்தகத்தில் வைத்துக்கொள்ள நினைவு அட்டை கொடுக்க வேண்டும். முகமில்லாமல் எப்படிக் கொடுப்பது? கண்டி அச்சகத்தில் என் பக்கத்தில் அச்சுக் கோர்த்துக்கொண்டிருந்த நீ, "நான் மரத்துல வெட்டித் தர்றேன்" என்றாய்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான், ஜெர்மனியிலிருந்து வந்த இயந்திரப் பெட்டிக்குள் கசங்கிக் கிடந்த பத்திரிகைத் தாளில் மரப்பலகையில் வெட்டி அச்சடித்த ஒரு படத்தைக் கண்டெடுத்திருந்தாய். ஒரு பெண் முகம். உளி போன தடமெல்லாம் அப்படியே தெரிந்தது. கன்னம் முழுக்க இருட்டு. "இவ யாருன்னு தெரியல. ஆனா புள்ளைய பறிகொடுத்தவன்னு தெரியுது பாரு" என்றாய்.

நீ வெட்டிய அம்மாவும் அப்படித்தான் வந்தாள். கூடைக்கயிறு அழுத்திய நெற்றி, ஒட்டிய கன்னம், எதையும் கேட்டுப் பழகாத கண். தாளை வாங்கிய அப்பா கோபத்தில் கத்தினார்.

"இது என்னா, பேயா? கொஞ்சம் சிரிச்ச மாதிரி வெட்ட ஏலாதா?"

"ஏலாது மாமா. அழகா வெட்டினா அது வேற யாரோ."

அப்பா வேண்டாமென்று கிழித்துப் போட்டால் அம்மாவுக்கு இந்த உலகத்தில் முகமே மிஞ்சாது. நான் தாளைப் பிடிக்கக் கை நீட்டினேன். நீயோ கையைக் கட்டிக்கொண்டு நின்றாய்.

அவர் கிழிக்கவில்லை. வாசல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு குரல் தணிந்து, "மூக்குத்திதான் பக்கம் மாறிப்போச்சு" என்றார்.

பலகையில் வெட்டியது அச்சில் இடம் வலம் மாறும் என்பது தினமும் அச்சுக் கோர்த்த உனக்குத் தெரியாததா? அவள் முகத்தையே நினைத்து வெட்டியதில் மறந்துபோனாய். திருத்தவும் மறுத்தாய். அந்த அட்டையை அப்பா சாகும்வரை சட்டைப்பையில் வைத்திருந்தார்.

நேற்று கட்டுகஸ்தோட்டையிலிருந்து உன் தங்கச்சி வந்தாள். "காய்ச்சல்ல அண்ணன் உருகிப்போச்சு. கொஞ்சம் சதை புடிச்ச மாதிரி வெட்டுங்கண்ணே" என்று அழுதாள். நானும் அழுதேன். ஆனாலும் ஏலாது என்றுதான் சொன்னேன். நீ எனக்கு விட்டுப்போன சொல் அது.

நீ பழக்கிய கையால் காய்ச்சல் தின்ற முகத்தையே வெட்டினேன், புருவத்துத் தழும்போடு. இப்போதுதான் மை பூசி முதல் தாளை எடுத்தேன். தழும்பு மட்டும் பக்கம் மாறியிருக்கிறது. திருத்தப்போவதில்லை.