வாங்க என்று கேட்காத வீடு

ஆர்.எஸ்.புரம்,
9-9-97

அன்பு மகன் மோகன்குமாருக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்குச் சுகம்தான், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாயா கண்ணு?

தங்கச்சி பிரவீனாவுக்குத் தையில் கல்யாணம் என்று அப்பா போனில் சொல்லியிருப்பார், அவர் சொல்லாததை நான் எழுதுகிறேன். அவர் கவுன்சிலர் ஆனதிலிருந்து விடிவதற்குள் வாசலில் முப்பது பேர், தண்ணீர் வரவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்று மனுவோடு நிற்கிறார்கள். டீ போட்டே ராசம்மாள் ஓய்ந்துவிட்டாள். மில் இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, இந்தப் பதவி எதற்கு என்றால் "பேசாம இரு அம்மணி, நாலு பேரு கும்புடறாங்கல்ல" என்கிறார். முதலில் நானும் வெளியே போய் எல்லோரையும் வாங்க என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் சலித்துப்போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டேன். அதுதான் நான் செய்த பாவம்.

ஆடியில் ஒரு நாள் என் அண்ணன், உன் மாமன் வந்திருக்கிறார். சாக்கடையை அகலப்படுத்த, நம் வார்டில் இருக்கும் அவருடைய லேத் பட்டறையை இடிக்கக் குறி போட்டிருந்தார்களாம், மிஷினை எடுக்க நாலு நாள் தவணை கேட்க வந்தவரைப் புது வாட்ச்மேன் ஆள் தெரியாமல் மனுக்காரர்களோடு உட்கார வைத்துவிட்டான். நான் இன்னார் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை. கூடப்பிறந்தவள் வந்து வாங்கண்ணா என்று கேட்பாள் என்று ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை காத்திருந்துவிட்டு, கொடுத்த டீயைக்கூடத் தொடாமல் போய்விட்டார். மத்தியானமே இடித்துவிட்டார்கள், லேத்து உள்ளேயே கிடந்தது. சாயந்திரம் ராசம்மாள், "மூலையில உக்காந்திருந்தவரு உங்க சாடையா இருந்தாருங்க" என்றாள். வாட்ச்மேனைக் கூப்பிட்டு விசாரித்தேன், அண்ணனேதான் மோகனு. அப்பாவிடம் அழுதேன். "மச்சானுக்குன்னு நிறுத்தியிருந்தா பேப்பர்காரன் கிழிச்சிருப்பான்" என்றார். அப்படியானால் முன்னாடியே தெரியுமா என்று கேட்டேன், எழுந்து போய்விட்டார்.

போன வெள்ளிக்கிழமை கல்யாணத் தட்டத்தோடு அவிநாசிக்குப் போனேன். அண்ணன், உன் அத்தை, பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள், ஒருத்தரும் வாங்க என்று கேட்கவில்லை. பகையாளி வந்தாலும் கேட்பார்களே, எழவு வீட்டில்தானே கேட்க மாட்டார்கள்! நான் பிறந்த வீட்டு வாசலில் அரைமணி நேரம் நின்றேன். கடைசியில் அத்தைதான், "ஏனுங்க, மனு ஏதாச்சும் கொண்டாந்தீங்களா" என்றாள். அண்ணன் தலை நிமிரவில்லை. தட்டத்தைப் படியில் வைத்துவிட்டு வந்தேன், மறுநாள் ஆள் மூலமாகத் திரும்பி வந்தது, வெற்றிலை வாடிப்போய். தாய்மாமன் நெற்றியில் பட்டம் கட்டாமல் பிரவீனாவை எப்படி மணவறையில் உட்கார வைப்பேன்? "பங்காளி எவனாச்சும் கட்டட்டும், மந்திரியே வர்றாரு, யாரு கவனிக்கப்போறாங்க" என்கிறார் அப்பா. எனக்குக் கல்யாண வீடு என்ற நினைப்பே வரவில்லை.

மார்கழியில் நீ வரும்போது முதலில் மாமன் வீட்டுக்குப் போ. உன்னையும் கேட்காவிட்டால் கோபித்துக்கொள்ளாதே, நின்று பார். குளிருக்குக் கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே. அவிநாசியப்பன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் கொடுக்கட்டும். நம் வாட்ச்மேனுக்கு உன்னையும் தெரியாது, என்ன விஷயம் என்று கேட்டு நாற்காலியைக் காட்டுவான். உட்காராதே கண்ணு, கேட்டிலிருந்தே அம்மா என்று சத்தமாகக் கூப்பிடு. திரையைக் கழற்றிப் போட்டுவிட்டேன், காலையில் ஜன்னலோரம்தான் நிற்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
குழந்தையம்மாள்