புள்ளி இருபத்தைந்து

அன்புள்ள அக்காவுக்கு உன் தங்கை எழுதுவது.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. அத்தானின் முதுகுவலி எப்படி இருக்கிறது? போனில் பேசலாம்தான். ஆனால் விடுதி அறையில் என்னோடு இருக்கும் இருவரும் என்னைப் போலவே நர்சுகள். நான் வாயைத் திறந்தால் சட்டென்று பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். நான்கு நாட்களாக இந்தக் கட்டிலும் ஜன்னலும்தான். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

போன மாதம் என்னைக் குழந்தைகள் வார்டுக்கு மாற்றியதை அப்பா பார்ப்பவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தார். பெரியவர்கள் வார்டில் ஒரு மாத்திரை, ஐந்து மில்லி என்று முழு எண்களாகவே காலம் ஓடிவிட்டது. இங்கே எல்லாம் புள்ளி வைத்த கணக்கு.

ஐந்தாம் கட்டிலில் இரண்டு மாதப் பெண் குழந்தை. வலிப்புக்குச் சொட்டு மருந்து, வேளைக்கு 0.3 மில்லி. பால் குடிக்கக்கூட விழிக்காமல் தூங்குகிறாள் என்று அவள் அம்மா சொன்னாள். டாக்டர் 0.3-ஐ அடித்துவிட்டு 0.25 என்று எழுதிவிட்டுப் போனார். நான் அதைப் புள்ளி இருபத்தைந்து என்று படித்தேன். மூன்றைவிட இருபத்தைந்து பெரிதல்லவா? மயங்கிக் கிடக்கும் பிள்ளைக்கு மருந்தைக் கூட்டுகிறாரே, அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டார் என்று பதறினேன். கேட்கப் பயம். பழைய அளவையே கொடுத்துவிட்டு, குறிப்பில் 0.25 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு நாள், நான்கு வேளை, எல்லாம் என் டூட்டியில். ஓர் உயிரைக் காப்பாற்றுவதாகவே நினைத்தேன், அக்கா.

குழந்தை தெளியவில்லை. "குறைச்சும் தாங்கலையே, இந்த மருந்தே இவளுக்கு ஒத்துக்கல" என்று டாக்டர் மருந்தை நிறுத்திவிட்டார். குறைத்ததாக ஏன் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. மறுநாள் வேறொரு குழந்தைக்காகச் சிரிஞ்சில் 0.25 இழுத்தேன். மருந்து 0.3 கோட்டை எட்டவே இல்லை. அப்படியானால் டாக்டர் குறைத்துத்தான் எழுதியிருக்கிறார்.

சொன்னால் வேலை போகும். பொய்க் குறிப்பில் கையெழுத்து வேறு. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. பகல் முழுதும் வாயை மூடிக்கொண்டு நடமாடினேன். எந்த மூலையில் நின்றாலும் ஐந்தாம் கட்டில் தெரிந்தது. சாயங்காலம் குழந்தைக்கு வலிப்பு திரும்ப வந்தது. அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் சிஸ்டர் இவளை அக்கறையா பாத்துக்கிட்டீங்க, நீங்களே டாக்டர்கிட்ட பேசுங்க" என்றாள். போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

டாக்டர் கத்தவில்லை. "புள்ளிக்கு அடுத்த இடத்தைத்தானே முதல்ல பாக்கணும், இதுகூடவா தெரியாது" என்று மெதுவாகக் கேட்டார். கத்தியிருந்தால் தேவலை. மருந்தைச் சரியான அளவில் மறுபடி ஆரம்பித்தார்கள். வலிப்பு நின்றுவிட்டது, பால் குடிக்கிறாள் என்று அறைத்தோழி நேற்று சொன்னாள். பார்க்க என்னை உள்ளே விடமாட்டார்கள்.

தாளில் எழுதி எழுதிப் பார்க்கிறேன். 0.3-க்குப் பின்னால் ஒரு பூஜ்யம் சேர்த்தால் 0.30. அப்போது முப்பதும் இருபத்தைந்தும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இவ்வளவுதானா?

தசமக் கணக்கு நடத்திய மாதத்தில் எனக்கு அம்மை. என் நோட்டு முழுவதையும் நீதான் எழுதிக் கொடுத்தாய். டீச்சர் எனக்கு நூற்றுக்கு நூறு போட்டார். குறையாகச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை விசாரணை. நீ வந்து எனக்காகப் பேச வேண்டாம். அப்பாவிடமும் நானே சொல்லிக்கொள்கிறேன். நீ பாடம் நடத்தும் பள்ளியிலிருந்து ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ஒன்று மட்டும் அனுப்பு. கடைசியில் விடைகள் இருக்கும் பக்கங்களைக் கிழித்துவிட்டு அனுப்பு, அக்கா.

என்றும் உன் அன்பை வேண்டும்,
தங்கை.