ஒன்பது ஆண்டு சுமந்த தளத்தை இடிக்க வேண்டாம் எனக் கோரி

அனுப்புநர்:
கான்கிரீட் மேஸ்திரி (வேலையிடங்களில் "ரசமட்டம்"),
பதிவு பெற்ற கட்டட வேலையாள்.

பெறுநர்:
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
கட்டடப் பராமரிப்புப் பிரிவு.

பொருள்: முதல் மாடிப் பதிவறைத் தளத்தை இடிக்கும் உத்தரவை நிறுத்தி, சுமையை இறக்கி அளந்து பார்க்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி தளத்தை ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நானும் என் ஆட்கள் பதினான்கு பேரும் ஊற்றினோம். காலை ஆறு மணிக்குத் தொடங்கி, நடுவில் நிறுத்தாமல், ஒரே மூச்சில் முடித்தோம். இருபத்தெட்டு நாள், அடியில் தாங்கி நின்ற முட்டுகளை ஒருவரையும் தொட விடவில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

2. தற்போது தளம் நடுவில் இருபத்திரண்டு மில்லிமீட்டர் இறங்கியுள்ளது. உதவிப் பொறியாளர் அதைத் "தரமற்ற வேலை" என்று எழுதி, வரும் திங்கட்கிழமை இடிக்கவும், என் பெயரைப் பதிவிலிருந்து நீக்கவும் உத்தரவு வாங்கியுள்ளார். இறங்கியது உண்மை. அதற்கு அவர் சொல்லும் காரணத்தை நான் மறுக்கிறேன்.

3. வரைபடத்தில் அது நான்கு மேசை போடும் அறை. குடிபுகுந்த ஆறே மாதத்தில் இரும்பு அலமாரிகளை வரிசையாக நிறுத்தி, கூரை முட்டக் கோப்புக் கட்டுகளை ஏற்றினார்கள். அன்றிலிருந்து ஒரு கட்டும் இறங்கவில்லை. கான்கிரீட் பார்வைக்குக் கல்தான். ஆனால் ஓயாத பாரத்தின் கீழ், புத்தகம் அடுக்கிய மரப்பலகை நாளாக நாளாக வளைவதைப் போல, அதுவும் தொய்யும். முதல் சில ஆண்டுகளில் அதிகம், பிறகு குறைவு.

4. என் பிழை ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் ஆண்டு, அங்கே தரை துடைக்கும் அம்மா என்னை வழியில் நிறுத்தி, "என்ன மேஸ்திரி, உங்க தரையில தண்ணி குளம் கட்டுதே" என்றார். எனக்கு மானமே போயிற்று. யாரும் கேட்காமல் நானே போய், அலமாரிகளுக்கு நடுவே சிமெண்ட் கலவை போட்டு மட்டமாக்கினேன். இரண்டு ஆண்டு கழித்து மறுபடியும் போட்டேன். தொய்ந்த தளத்தின் தலையில் இன்னும் பாரம் ஏற்றுகிறோம் என்பது உறைக்கவில்லை. மட்டம் பார்க்கும் கருவியின் பெயரையே பட்டமாக, ரசமட்டம் என்று பெயர் வாங்கியவனின் ரோஷம் கண்ணை மறைத்துவிட்டது. அந்தக் கலவைக்காக என்னைத் தண்டியுங்கள், ஏற்கிறேன். தளத்துக்காக என்றால் ஏற்க மாட்டேன்.

5. ஆகவே கோப்புகளை இறக்கி, நான் போட்ட கலவையைக் கொத்தி எடுத்து, அடிப்பக்கத்திலிருந்து அளக்க வேண்டுகிறேன். கொஞ்சம் அன்றே எழும்பும். இன்னும் கொஞ்சம் சில வாரங்களில் எழும்பும். மீதி அப்படியே நிற்கும். அதுவரை கீழே முட்டுக் கொடுத்து வைப்பதே முறை. முட்டுகளை நானே கொண்டுவருகிறேன். தளம் எழும்பவே இல்லை என்றால் கடப்பாரையையும் நானே எடுக்கிறேன்.

ஐயா, அந்தத் தளத்துக்கு நேர் கீழேயுள்ள அறையில் என் மகள் தட்டச்சராக இருக்கிறாள். உத்தரவு வந்த அன்று மற்றவர்கள் மேசைகளை வராந்தாவுக்கு நகர்த்தினார்கள். அவள் என்னை வரவழைத்து, "அப்பா, நானும் மாறணுமா?" என்று மட்டும் கேட்டாள். நான் ஏணி போட்டு ஏறி, அடிப்பக்கம் முழுவதையும் சாண் சாணாகச் சுத்தியலால் தட்டி, விரிசல் தேடினேன். இறங்கி வந்து, மேசை இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றேன். அவள் உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தாள்.

தங்கள் அளவுகோலை நம்பும்,
(ஒப்பம்)
கான்கிரீட் மேஸ்திரி

இடம்: பதிவறைக் கட்டட வாசல்
நாள்: வெள்ளிக்கிழமை