சுளுக்காத கணுக்கால்

14 ஜூன் 1977, செவ்வாய்

மெல்பேர்ன் டண்டினோங்கில் மழை. பஸ் பிந்தியதில் பயிற்சிக்கும் பிந்தினேன். இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும்போது இன்றைக்கும் நழுவவிட்டேன். யாழ்ப்பாணத்தில் வலைப்பந்து விளையாடியவளுக்கு இந்தத் தட்டல் எங்கே வரும்? அங்கே பந்தைப் பிடித்தால் நிற்கவேண்டும். இங்கே கூடைப்பந்தில் நின்றால் கதை முடிந்தது.

பிறகு எங்கள் பெண் கோச் ஜோன் தனியாகக் கூப்பிட்டார். விக்டோரியா மாநில அணிக்குத் தேர்வு முகாம் 25ஆம் திகதி. "நீ போகாதே" என்றார்.

15 ஜூன்

ஜோன் சொன்ன காரணம் இதுதான். தேர்வாளர்கள் இந்தப் பருவத்தில் என் ஆட்டங்களைப் பார்த்திருக்கிறார்கள், பிடித்துமிருக்கிறது. ஆட்டத்தில் என் இடது கையின் குறையை மற்றப் பிள்ளைகள் மூடிவிடுகிறார்கள். முகாமில் ஒவ்வொருத்தியாக ஓடவிட்டுப் புள்ளி போடுவார்கள். காயம் என்று வராமல் விட்டவர்களை மட்டும் பழைய ஆட்டங்களை வைத்தே எடுப்பதுண்டாம். "கணுக்கால் சுளுக்கு என்று சொல், மிச்சத்தை நான் பார்க்கிறேன்."

நல்ல மனுசி. எனக்காகத்தான் சொல்கிறார். அதனால்தான் எரிச்சல் வருகிறது.

17 ஜூன்

எனக்கு அந்த மாநில அணிச் சட்டை வேணும். இந்தக் கொப்பியில் யாருக்கு நடிக்கிறது? வேணும். வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் குப்பி கழுவும்போதும் அதே நினைப்புத்தான்.

19 ஜூன், ஞாயிறு

அப்பாவிடம் சொன்னேன். காய்ச்சலோடும் எங்களை ரியூசனுக்கு இழுத்துக்கொண்டு போன மனுசன், போ என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன். கதிரையை விட்டு எழும்பவே இல்லை.

"போய் என்ன செய்யப் போறாய், பிள்ளை? சோதினை எழுதிக் கண்டது போதாதோ?"

அம்மா குசினிக்குள் இருந்து, "அவளைக் கொஞ்சம் யோசிக்க விடுங்கோவன்" என்றா.

எழுபத்துமூன்றாம் வருஷச் சோதினையை அவர் மறக்கவில்லை. நான் எடுத்த புள்ளிக்கு, சிங்களத்தில் எழுதியிருந்தால் மருத்துவபீடத்தில் இடம் கிடைத்திருக்கும். தமிழில் எழுதியவர்களுக்குத் தரப்படுத்தல் என்று வெட்டுப்புள்ளியை உயர்த்தி வைத்திருந்தார்கள். என்னிலை என்ன குறை? இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் சொல்லேல்லை. குறை இருந்தால்தானே சொல்ல— அந்த வருஷம்தான் அப்பா அவுஸ்திரேலியாவுக்கு வர விண்ணப்பித்தார்.

22 ஜூன்

ஜோன் போன் எடுத்தார். சுளுக்கு என்று முகாமுக்குச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

ஏன் இழுக்கிறேன்? போனால் குறை தெரிந்துவிடும். போகாவிட்டால் சட்டை கிடைக்கலாம். ஆனால் பிறகு வாழ்நாள் முழுக்க எனக்கே தெரியாது, நான் காணுமோ காணாதோ, தகுதி இருக்கோ இல்லையோ என்று. அப்படி ஒருமுறை தெரியாமல் இருந்தது போதும்.

23 ஜூன்

கணுக்காலுக்கு ஒன்றுமில்லை என்று ஜோனிடம் சொல்லிவிட்டேன். "அப்படியென்றால் இன்றைக்கு நேரத்தோடு வா, அந்தக் கையைப் பார்ப்போம்" என்றார்.

25 ஜூன், சனி

முகாம். இடது கை— வேண்டாம். எழுத மனமில்லை.

1 ஜூலை, வெள்ளி

எடுபடவில்லை.

ஒரு தேர்வாளர் என்னைப் பக்கத்தில் இருத்தி விளக்கினார். உயரம் நல்லது, எறிவது நல்லது, இடது கை போதாது. பஸ்ஸில் அழுதேன், பக்கத்துச் சீற்றுக்காரி எழும்பிப் போகுமட்டும்.

அப்பா வாசலிலேயே கேட்டார். "வெட்டுப்புள்ளி எல்லாருக்கும் ஒண்டோ?"

"ஓம், அப்பா."

"என்ன குறை எண்டு சொன்னவையோ?"

"இடக்கை."

"உண்மையோ?"

"உண்மைதான்."

தலையை ஆட்டினார். "சரி, சாப்பிட வா" என்றார். எனக்கும் அப்போதுதான் பசித்தது.

5 ஜூலை, செவ்வாய்

பயிற்சிக்கு அப்பா கூட வந்தார். இதுவரைக்கும் ஒருநாளும் வந்ததில்லை. கோட்டைக் கழற்றாமல் கடைசி வாங்கில் உட்கார்ந்து முழுவதும் பார்த்தார். முடிந்ததும் நேரே ஜோனிடம் போய், அடுத்த வருஷ முகாம் எந்த மாதம் என்று கேட்டார்.