காலியாகக் கிளம்பும் பஸ்

ஐன் ஹம்தா
பிப்ரவரி 3

கைஸின் அப்பாவுக்கு,

ஸலாம். நான் நலம். நம் பையன் எல்லைக் காவலில், குளிரில் நின்றாலும் நலம்தானாம். உங்கள் நலனுக்கு இறைவனைக் கேட்டுக்கொள்கிறேன்.

போனில் பேசினால் இரண்டு வார்த்தைக்குள் "சரி சரி, அப்புறம்" என்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன். கடிதம் என்றால் முடியும்வரை என் பேச்சைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

வெள்ளி விடுமுறைக்கு நீங்கள் வருவீர்கள் என்று நேற்று வியாழனும் நிறுத்தத்தில் இருட்டும்வரை நின்றேன். தபீலா நகரில் நம் ஊர் வேன் ஆள் நிறையாமல் கிளம்பவில்லை, அங்கிருந்தே அம்மானுக்குத் திரும்பிவிட்டேன் என்று நீங்கள் போனில் சொன்னபோது அடுப்பில் ஆட்டுக்கறி தயிரில் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ஸுஹ்ரிய்யாவின் பிள்ளைகள் வந்து சாப்பிட்டார்கள். இரண்டு வருஷமாக உங்கள் பங்கைச் சாப்பிட்டு அதுகள் நன்றாக வளர்ந்துவிட்டன.

ஒரு செய்தி. ஒதுக்குப்புற ஊர்களிலிருந்து அம்மானுக்கே நேராக பஸ் விடப்போகிறார்களாம். ஆள் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் சொன்ன நேரத்துக்குக் கிளம்பும். காலி இருக்கையால் வரும் நஷ்டத்தை அரசாங்கம் முதலாளிக்குக் கொடுத்துவிடும். கட்டணமும் பாதிதான். ஆனால் நம் ஊர் அதில் இல்லையாம். நான் சும்மா விடப்போவதில்லை.

உங்கள்
கைஸின் அம்மா


அம்மான்
பிப்ரவரி 12

அன்புள்ள இக்லாஸ்,

ஸலாம். பட்டறையில் கல் அறுத்து அறுத்து மூச்செல்லாம் பளிங்குத் தூசி. வேறு குறை இல்லை.

நான் என்ன, வர மனமில்லாமலா இருக்கிறேன்? வண்டி நிறையும்வரை வேன்காரன் சாவியைத் தொடமாட்டான். இருட்டிய பிறகு நம் ஊருக்கு வருகிறவர்கள் எத்தனை பேர், நீயே சொல். அரசாங்கத்தை நம்பி அலுவலகம் அலுவலகமாக அலையாதே, செருப்புத்தான் தேயும்.

ஆனாலும் சொல்கிறேன், நீ அந்த பஸ்ஸைக் கொண்டுவந்துவிடு. பிறகு ஒவ்வொரு வியாழனும் உன் வாசலில் வந்து நிற்கிறேனா இல்லையா பார்.

தியாப்


ஐன் ஹம்தா
மார்ச் 20

கைஸின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தபிறகு எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பெண்களாகச் சேர்ந்து தபீலாவுக்குப் போனோம். போக்குவரத்து அதிகாரி நம் கைஸைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். எல்லோருக்கும் டீ வரவழைத்துவிட்டு நிதானமாகக் கையை விரித்தார். "உங்க ஊர்லேர்ந்து யாரும்மா பிரயாணம் பண்றாங்க? காலி சீட்டுக்கு அரசாங்கம் எத்தனை நாள் அழ முடியும்?"

எனக்கு எங்கிருந்துதான் வாய் வந்ததோ. "எங்க வீட்டு ஆம்பளைங்க எல்லாம் அம்மான்லயும் அகபாவுலயும் கிடக்கிறாங்கய்யா. வர வழியில்லாமக் கிடக்கிறாங்க. நீங்க சாயங்காலம் ஆனா உங்க வீட்டுக்குப் போறீங்கல்ல?" என்றேன்.

அன்றைக்குச் சிரித்து அனுப்பிவிட்டார். மறுபடி போனபோது டீ வரவில்லை. அதற்கடுத்த முறை எங்களைக் கண்டதுமே அம்மானுக்குப் போன் போட்டார். நம் ஊரையும் சேர்த்துவிட்டார்கள். ஆறு மாதம் சோதனை ஓட்டம், அதற்குள் இருக்கைகள் நிறையாவிட்டால் நிறுத்திவிடுவார்கள். "நிறையும்யா, நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். என் மானம் உங்கள் கையில்.

உங்கள்
கைஸின் அம்மா


ஐன் ஹம்தா
ஏப்ரல் 9

கைஸின் அப்பாவுக்கு,

பஸ் வந்துவிட்டது! பழைய வேனை ஓட்டிய அபூ ஸனத்தான் டிரைவர், சீருடை எல்லாம் போட்டிருக்கிறார். காலையில் இங்கிருந்து அம்மானுக்கு, மத்தியானத்துக்கு மேல் அங்கிருந்து இங்கே.

முதல் நாள் கூத்தைக் கேளுங்கள். வண்டியில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். நிறைய நேரமாகும் என்று மற்றவர்கள் பெட்டியை ஏற்றிவிட்டு, வழக்கம்போல டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார்கள். பஸ் சொன்ன நேரத்துக்குக் கிளம்பிவிட்டது. ஒரே ஓட்டம். ஸுஹ்ரிய்யாவின் மாமனார் கையில் டம்ளரோடு, "யோவ், காலி வண்டிய எங்கய்யா ஓட்டிட்டுப் போற, புத்தி கெட்டுப்போச்சா?" என்று கத்திக்கொண்டே சாலை திரும்பும் இடம்வரை ஓடினார். அவர் பெட்டி மட்டும் அம்மான் பார்த்துவிட்டு சாயங்காலம் திரும்பி வந்தது. வெகு நாளைக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்தபோது பக்கத்தில் சொல்ல யாரும் இல்லை. நீங்கள் வந்ததும் நடித்தே காட்டுகிறேன்.

வியாழன் சமைக்கிறேன்.

உங்கள்
கைஸின் அம்மா


அம்மான்
ஏப்ரல் 19

அன்புள்ள இக்லாஸ்,

உன் ஊர்க்காரர்கள் செய்த தப்பையே நானும் செய்தேன் என்றால் சிரிப்பாய். தெற்கு நிலையத்தில் பஸ் காலியாக நின்றது. நிறையட்டும் என்று டீ குடிக்கப் போனேன், திரும்பினால் வண்டியைக் காணோம். இது எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. அடுத்த வாரம் பட்டறையில் கணக்கு முடிப்பு. அதற்கடுத்த வாரம் பார்க்கலாம்.

மாதப் பணம் அனுப்பியிருக்கிறேன்.

தியாப்


ஐன் ஹம்தா
ஜூன் 16

கைஸின் அப்பாவுக்கு,

கணக்கு முடிந்தது, பிறகு உங்களுக்கு முதுகுவலி வந்தது, பிறகு பட்டறை முதலாளியின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. பஸ் மட்டும் தினமும் வந்துகொண்டிருக்கிறது.

அபூ ஸனத் ஒவ்வொரு வியாழனும் தன் சட்டையைப் போட்டு முன்னிருக்கை ஒன்றை உங்களுக்காகப் பிடித்துவைக்கிறாராம். அது விதிக்கு விரோதம், ஆனாலும் செய்கிறார். நேற்று அந்தச் சட்டையை எடுத்து மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "கைஸோட அப்பாவ நிலையத்துப் பக்கமே நான் பார்த்ததில்லையே, உம்மு கைஸ்" என்றார்.

உங்களுக்கு வேறு பக்கம் வேலை இருந்திருக்கும் என்று சொல்லிவைத்தேன். சரிதானே?

உங்கள்
கைஸின் அம்மா


அம்மான்
ஜூலை 17

என் அன்பு இக்லாஸ்,

உன்னை நினைக்காத நாளில்லை. அரசாங்கம் பணம் கொடுக்கவில்லை என்று முதலாளிகள் பஸ்களை நிறுத்திவிட்டார்களாமே! இந்த வியாழன் கட்டாயம் வருவதாகப் பை கட்டி வைத்திருந்தேன். உனக்கு ஒரு சால்வைகூட எடுத்தேன். நம் அதிர்ஷ்டம் இப்படி. இந்த நாட்டில் எதை நம்புவது சொல். நம் முற்றத்து அத்திமரம் காய்த்ததா? நீ முதல் பழத்தைப் பறித்து எனக்கென்று எடுத்துவைப்பாயே, அதையெல்லாம் நினைத்துக்கொண்டேன். மனம் தளராதே. பஸ் ஓடத் தொடங்கியதும் முதல் ஆளாக வந்து நிற்பேன்.

என்றும் உன்
தியாப்


ஐன் ஹம்தா
ஆகஸ்ட் 8

கைஸின் அப்பாவுக்கு,

அத்தனை அன்பாக நீங்கள் எழுதி எவ்வளவு காலம் ஆகியிருந்தது தெரியுமா? அந்தக் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கினேன். அடுத்த வாரமே அரசாங்கம் பணம் கொடுத்தது, பஸ் வந்தது, நீங்கள் வரவில்லை. கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். பஸ் நின்றுபோன வாரத்தில்தான் உங்களுக்கு என்மேல் பிரியம் பொங்கியிருக்கிறது.

அதனால்தான் போன வியாழன் சொல்லாமல் கிளம்பி வந்தேன். அங்கே இன்னொருத்தி இருப்பாளோ என்று வழியெல்லாம் பயம். உங்கள் அறையைப் பார்த்ததும் பயம் போய்விட்டது. ஒரு டம்ளர், ஒரு தட்டு, ஒரு தலையணை. இன்னொருத்தி இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். யாருமே இல்லாத அறையோடு நான் எப்படிச் சண்டை போடுவது?

அந்த ஒரே டம்ளரில் எனக்கு டீ கொடுத்தீர்கள். நான் குடித்து முடித்ததும் கழுவி நீங்கள் குடித்தீர்கள். கைஸைக் கேட்டீர்கள், கூரை ஒழுகுகிறதா என்று கேட்டீர்கள். அதோடு பேச்சு தீர்ந்துபோனது. பெட்டியை ஏற்றிவிட்டு ஓடியவரின் கதையை நடித்துக்காட்ட எழுந்தேன், உங்கள் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

"பஸ்ஸ விட்டுடாத, இக்லாஸ். மூணு மணிக்கு டாண்ணு கிளம்பிடும், யாருக்காகவும் நிக்காது. இப்பவே நடந்தாத்தான் சரியா இருக்கும்" என்றீர்கள்.

ராத்திரி தங்கிவிட்டுப் போ என்று நீங்கள் சொல்வதற்காக, வாசலில் செருப்பை மாட்ட நான் எடுத்துக்கொண்ட நேரம் உங்களுக்கே தெரியும்.

அபூ ஸனத் முன்னிருக்கையிலிருந்த சட்டையை எடுத்துவிட்டு என்னை அங்கே உட்காரச் சொன்னார். மலை ஏறும்வரை அழுதுகொண்டே வந்தேன்.

ஆறு மாதம் முடியும் முன்பே முடிவாகிவிட்டது, பஸ்ஸை நிறுத்தப்போவதில்லையாம். வழியில் தபீலாவில் இறங்கிப் படிக்கப் போகும் நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் ஏறி ஏறியே அதைக் காப்பாற்றிவிட்டார்கள். நான் உங்களுக்காகக் கேட்டு வாங்கினேன், அதுகளுக்குப் பயன்பட்டது. அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

இனி வியாழக்கிழமைகளில் நிறுத்தத்துக்கு வரமாட்டேன். நீங்கள் வந்தால் இறங்கி நடந்து வாருங்கள், வழி மறந்திருக்காது. கதவு தாழிட்டிருக்கும். தட்டுங்கள்.

இக்லாஸ்