சிவப்பு டேப் ஒட்டிய பேட்டரி

மாப்ள,

இன்று காலை மயிலாடுதுறைப் பக்கம் ஒரு படப்பிடிப்பு. ஒலிப்பதிவுச் சாமான் பெட்டியைத் திறந்ததும் மூக்கில் ஏறியது அந்த வாடை. வெயிலில் உருகிய இன்சுலேஷன் டேப்பின் பிசின் வாடை. அடியில் உன் சிவப்பு டேப் சுருள் கிடந்தது. எடுத்த விரல்களில் ஒட்டிக்கொண்டது, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தும் முழுசாகப் போகவில்லை. ஹெட்போனைத் தொடும்போதெல்லாம் காதோரம் பிசுபிசுத்தது. இன்றைக்கு நீ என்னை விடமாட்டாய் என்று தெரிந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

உன்னை முதலில் பார்த்தது குடமுருட்டி ஆற்றங்கரையில். சின்னப் படம். ஜெனரேட்டர் வண்டியைத் தள்ளி நிறுத்த நீளமான கேபிள்கூட இல்லை. நடிகர்கள் மெதுவாகப் பேசினால் என் காதில் என்ஜின்தான் கேட்டது. நான் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். படத்தில் வரும் பழைய டிராக்டரைக் கிளப்பித்தர வலங்கைமானிலிருந்து வந்திருந்த பேட்டரிக் கடைக்காரன் நீ.

"என்ன சார், உங்களுக்கும் வண்டி கிளம்பலியா?" என்று கேட்டாய்.

"ஜெனரேட்டரை அணைச்சா என் மெஷின் ஓடாது. அணைக்கலேன்னா எனக்கு வசனம் கேக்காது."

நீ டிராக்டர் பேட்டரியைக் கழற்றி என் காலடியில் வைத்து, இரண்டு வயரை முறுக்கி என் மெஷினில் செருகினாய். நான் பயந்தேன். "பன்னெண்டு வோல்ட்டுதானே கேக்குது? டிராக்டர்லேருந்து வருதா டெல்லியிலேருந்து வருதான்னு அதுக்கென்ன தெரியும்?" என்றாய். மெஷின் ஓடியது. ஜெனரேட்டரை அணைத்தார்கள். ஹெட்போனில் முதன்முறையாகத் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அன்றிலிருந்து படம் முடியும்வரை உன்னை நாங்கள் கடைக்கு அனுப்பவில்லை. கேமரா மானிட்டரின் பேட்டரி செத்தபோது, அதே அளவுக்கு வேப்பங்கட்டையைச் செதுக்கி, செம்புத் தகடு ஒட்டி, அதிலிருந்து பைக் பேட்டரிக்கு வயர் இழுத்தாய். கட்டையில் ஓடும் மானிட்டரை யூனிட்டே வந்து வேடிக்கை பார்த்தது.

மூன்றாம் நாளே நமக்குள் சண்டை. எங்கள் பழக்கத்தில் சிவப்பு டேப் ஒட்டினால் பேட்டரி தீர்ந்தது, தொடாதே என்று அர்த்தம். உன் கடையில் சிவப்பு ஒட்டினால் முழுசாகச் சார்ஜ் ஏறியது. அது எனக்குத் தெரியாது. டேப் இல்லாத பேட்டரியை மாட்டினேன். வயதான நடிகையம்மா வரப்பில் உட்கார்ந்து, ஒரே தடவைதான் என்னால் முடியும் என்று சொல்லிவிட்டு அழுத அழுகையின் நடுவில் மெஷின் நின்றது. அவர் மறுபடி அழுதார், ஆனால் அது வேறு அழுகை. டைரக்டர் என்மேல் கத்தினார், நான் உன்மேல் கத்தினேன்.

"ஊருக்கெல்லாம் செவப்புன்னா மங்களம். உங்களுக்கு மட்டும் தீந்துபோச்சா?" என்று முனகினாய். மறுநாள் காலை எல்லா பேட்டரியிலும் டேப்பை மாற்றி ஒட்டியிருந்தாய். "இனிமே ஒங்க பழக்கம்தான் சார்." அந்தச் 'சார்' எப்போது மாப்ள ஆனது என்று நினைவில்லை. உன் வீட்டுக்காரி எனக்குத் தங்கச்சி ஆனதும் நான் அவளுக்கு அண்ணன் ஆனதும் அதற்குப் பிறகுதான்.

அப்புறம் பல வருடம். அடிக்கடி போன், வருடத்துக்கு இரண்டு முறை உன் வீட்டுச் சாப்பாடு. பிறகு உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நுரையீரல் சுருங்கிவிட்டது என்றார்கள். கட்டில் பக்கத்தில் காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துத் தரும் மெஷின் வந்தது. "இதுக்கும் கரண்டுதான் மாப்ள சோறு" என்று சிரித்தாய்.

புயல் வருகிறது என்றதும் நான் முந்தின நாளே வந்துவிட்டேன். விடிவதற்குள் காற்று ஓய்ந்தது. மின்கம்பங்கள் படுத்துக் கிடந்தன. போன் செத்திருந்தது. கும்பகோணம் ரோடு முழுக்க மரம், வெட்டி வழிவிடச் சாயங்காலம் ஆகும் என்றார்கள். வீட்டு இன்வெர்ட்டரில் இன்னும் ஒரு மணி நேரத்துக்குத்தான் தெம்பு இருந்தது. உன் கடையில் லாரி பேட்டரிகள் இருந்தன. நல்லதாக இரண்டு கிடைத்தால் சாயங்காலம் வரை உன்னை ஓட்டிவிடலாம். உன்னிடம் நான் கற்றதெல்லாம் இந்த ஒரு நாளுக்குத்தான் என்றுகூட நினைத்தேன்.

கிளம்பும்போது நீ கையைத் தூக்கினாய். மாஸ்க்குக்குள் உதடு அசைந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா, மாப்ள? உதட்டில் விரல் வைத்தேன். "பேசாத மாப்ள, மூச்சு வீணாப்போவும்" என்றேன். வாழ்நாளெல்லாம் ஊரை வாயடைக்கச் சொல்லிச் சம்பாதித்தவன், உன்னையும் அடைத்துவிட்டுப் போனேன்.

கடையில் நான்கு பேட்டரி. இரண்டில் சிவப்பு டேப், இரண்டில் இல்லை. நின்று யோசித்தேன். இது உன் கடை. உன் கடையில் சிவப்பு என்றால் முழுசு. என் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்து தப்பு செய்துவிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வயரை உரசிப் பார்த்தேன், பொறி பறந்தது. தீர்ந்த பேட்டரியிலும் பொறி வரும். அது எனக்குத் தெரியும். அன்று நினைவுக்கு வரவில்லை. சிவப்பு இரண்டையும் சைக்கிளில் கட்டி, வாய்க்கால் கரை வழியாகத் தள்ளி, குறுக்கே விழுந்த மரங்களில் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கடத்திக் கொண்டுவந்து சேர்ந்தபோது இன்வெர்ட்டர் தீரும் நேரம்.

மாட்டினேன். உன் மெஷின் ஐந்து நிமிடம் ஓடியது. பிறகு கரண்டு போதாமல் கூவ ஆரம்பித்தது. இரண்டாவதை மாட்டினேன். அது அவ்வளவுகூட ஓடவில்லை. நீ மாஸ்க்கைத் தள்ளிவிட்டு, வார்த்தைக்கு வார்த்தை நின்று சொன்னாய்:

"செவப்பு... ஒன் பழக்கம் மாப்ள. அன்னைக்கே... கடையிலயும் மாத்திட்டேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாய். நான் ஓடினேன். மற்ற இரண்டையும் கொண்டுவந்தபோது மெஷின் கூவுவதைத் தங்கச்சி நிறுத்திவிட்டிருந்தாள். "எறக்கி வைங்கண்ணே" என்றாள். அன்று மாலை உன் தலைமாட்டில் எரிந்த விளக்கு அந்த பேட்டரியில்தான் எரிந்தது. முழுசாகச் சார்ஜ் ஏறியிருந்தது. மறுநாள் உன்னைத் தூக்கும்வரை மங்கவே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

யாரோ ஒருவர் எனக்காகத் தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லையே, மாப்ள. அதுதான் விடாமல் அரிக்கிறது.

இப்போதும் ஷாட்டுக்கு முன்னால் நான்தான் "சைலன்ஸ்" சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்கிறேன். புது யூனிட்டில் இது என்ன கிறுக்கு என்று பார்க்கிறார்கள். யாரும் எதுவும் சொல்வதில்லை. கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொள்கிறேன்.